குளிருக்கு வீட்டில் என்ன சமைக்கிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

சட்டிமூடி

குளிர் தொடங்கியதும் சமையல் குறிப்புகள் மழையாகக் கொட்டும். "பத்தே நிமிடத்தில் சூப்" என்று போட்டிருப்பார்கள். அதைச் செய்து குடித்தால், கிண்ணத்தைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி பசிக்கும், பாதம் மறுபடி சில்லிட்டுப்போகும். எனக்கு வேண்டியது அதுவல்ல. சாப்பிட்டு எழுந்த பிறகும் வெகுநேரம் உடம்புக்குள் கணகணவென்று இருக்க வேண்டும். அப்படி உங்களைத் தாங்கிய ஒரு வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கள். நீங்கள் சமைத்ததோ, யார் வீட்டிலாவது சாப்பிட்டதோ, எதுவானாலும் சரி. வெறும் அளவு மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். யாரோடு சாப்பிட்டீர்கள், ஏன் பிடித்தது என்பதும் வேண்டும்.

நானே தொடங்கிவைக்கிறேன். போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஹீட்டர் படுத்துவிட்டது. "நாளைக்கு வருகிறேன்" என்ற மெக்கானிக்குக்கு அந்த நாளை விடியவே இல்லை. நானும் மனைவியும் சமையலறையிலேயே குடியேறிவிட்டோம், வீட்டில் சூடு இருந்த ஒரே இடம் அதுதான். அடுப்பில் பார்லி, கேரட், முட்டைக்கோஸ், நிறைய பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை. பார்லி வேக முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். தோல் முழுதும் நீக்காத பார்லி என்றால் இன்னும் கூட. வெந்த பிறகும் நாங்கள் அடுப்பை அணைக்கவில்லை, சமையலறையை விட்டு வெளியே போக மனமில்லாததால் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சின்னத் தீயில் விட்டுவைத்தோம். கடைசியில், கரண்டியை நட்டுவைத்தால் யோசித்து யோசித்துச் சாய்கிற பதத்துக்கு வந்தது.

மனைவி எப்போதும் தெளிவான சூப் கட்சி. மேலே நின்ற தண்ணீரை வடித்துத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். அடிக்கெட்டி எனக்கு. பேசிக்கொண்டே சாப்பிட்டதில் அவளுடையது பாதியில் ஆறிப்போனது. என்னுடையதைக் கடைசி வாய்வரை ஊதித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. நீர்த்த சூப்பில் மேலே ஆறிய பகுதி கீழே இறங்கும், அடியில் இருக்கும் சூடு மேலே வரும், வந்து காற்றோடு போய்விடும். கெட்டியான சூப்பில் இந்தச் சுற்றோட்டம் அவ்வளவாக நடக்காது, அதனால் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே ஆறினமாதிரி தெரிந்து நாக்கைப் பொசுக்குவதும் இதனால்தான். குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் நன்றாகக் கிளறிவிட்டுக் கொடுங்கள். மைதாவோ சோளமாவோ கரைத்து ஊற்றவில்லை. பார்லியின் மாவுச்சத்தும், அதில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்துமே போதுமான குழைவைக் கொடுத்துவிட்டன.

ஆக, என் கட்சி இது: குளிர்ச் சாப்பாட்டில் காரமும் மசாலாவும் இரண்டாம் பட்சம். பதம் கெட்டியாக இருக்க வேண்டும், அடுப்பில் நேரம் கொடுக்க வேண்டும். மறுப்பவர்கள் வரலாம்.

வெங்காயக்கண்

நேரம் கொடுக்க வேண்டும் என்பதற்கு என் ஓட்டு. என் தோழியின் வீட்டில் ஒரு குளிர் சாயங்காலம், அவளுடைய அம்மா வெங்காய சூப் வைத்தார். வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிக் குவித்திருந்த குவியலைப் பார்த்து, யாருக்கோ விருந்து என்றுதான் நினைத்தேன். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெய், கொஞ்சம் எண்ணெய், அத்தனை வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. மூடிவிட்டார். வெங்காயம் தண்ணீர் விட்டுத் துவண்டதும் மூடியை எடுத்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நிறம் அப்படியே வெளிறிக் கிடந்தது. "ஆண்ட்டி, தீயைக் கூட்டட்டுமா?" என்று கேட்டதற்கு, "நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டியை அறு" என்றார்.

தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் வேலை ஆரம்பித்தது. ஓரங்களில் முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு. அடியில் ஒரு பழுப்புப் படலம் ஒட்டியது. அவர் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு மரக்கரண்டியால் அதைச் சுரண்டினார். படலம் கரைந்து வெங்காயம் முழுக்க நிறம் ஏறியது. மறுபடி ஒட்டவிட்டார், மறுபடி சுரண்டினார். நறுக்கியபோது பாத்திரம் வழிய இருந்தது கடைசியில் ஒரு கைப்பிடிக்கு வந்துவிட்டது. அதில்தான் வெந்நீரை ஊற்றிக் கொதிக்கவிட்டார். கறிச்சாறு கிடையாது, வேறு மசாலா கிடையாது. மேலே வாட்டிய ரொட்டி, அதன் மேல் சீஸ், கிண்ணத்தோடு ஓவனில் கொஞ்ச நேரம். அந்தச் சீஸ் மூடி இருப்பதால் ஆவி அவ்வளவாக வெளியே போகாது, வெகுநேரம் சூடு நிற்கும்.

குறிப்புகளில் "வெங்காயத்தை ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்று எழுதுகிறார்களே, அது எந்த வெங்காயம் என்று தெரியவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். தண்ணீர் போகாமல் நிறம் வராது. முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கறிக்கரண்டி

சட்டிமூடி சார், பார்லியைச் சொல்லிவிட்டு எலும்பை விட்டுவிட்டீர்களே!

எங்கள் வீட்டில் குளிர்கால ஸ்டூ அப்பாவின் இலாகா. கறிக்கடையில் எல்லோரும் மெத்தென்ற துண்டாகக் கேட்க, இவர் மட்டும் முன்னங்கால், ஜவ்வு, எலும்போடு ஒட்டிய கறி என்று கேட்டு வாங்குவார். சின்ன வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. காரணம் அடுப்பில் இருக்கிறது. ஜவ்வில் இருப்பது கொலாஜன். 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் ஈரச்சூட்டில் கிடந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கடித்தால் பல்லுக்குத்தான் வேலை. இரண்டரை, மூன்று மணி நேரம் கழித்து அதே துண்டு கரண்டி பட்டாலே பிரியும். கொழுப்பும் ஜவ்வும் இல்லாத நல்ல துண்டை இவ்வளவு நேரம் வைத்தால் நார்நாராக வறண்டுபோகும். கறியின் விலைக்கும் ஸ்டூவின் ருசிக்கும் சம்பந்தமில்லை என்று அப்பா சொல்வார், சரிதான்.

தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். வெந்ததா என்று பார்க்க அப்பா கறியைத் தொடமாட்டார். கரண்டியில் கொஞ்சம் சாற்றை எடுத்து ஊதிக் குடித்துவிட்டு, உதட்டை மூடித் திறப்பார். உதடு லேசாக ஒட்டிக்கொண்டு பிரிந்தால் ஜெலட்டின் இறங்கிவிட்டது, தட்டு எடுத்து வைக்கலாம். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் ஜெல்லியாக ஆடும், அதுவே சாட்சி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன். கறியை முதலில் வறுத்தெடுப்பது "சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ள" என்பார்கள். எதுவும் பூட்டிக்கொள்ளாது. வறுத்த கறியிலிருந்தும் சாறு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். வறுப்பது அந்தப் பழுப்பு ருசிக்காக. வெங்காயக்கண் அக்கா சொன்ன அதே கணக்குதான்: மேலே ஈரம் இருந்தால் கறி வறுபடாது, வேகும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள், பாத்திரத்தில் நெரிசல் வேண்டாம்.

மிளகாய்வெடி

காரம் இரண்டாம் பட்சமா? இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குக் குளிரென்றால் பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப்போட்ட சூப்தான். முதல் வாயிலேயே காது சூடாகும். பார்லிக்காக முக்கால் மணி நேரம் நடுங்கிக்கொண்டு நிற்க என்னால் முடியாது சார்.

சட்டிமூடி

காது சூடாவதை மறுக்கவில்லை தம்பி. ஆனால் அது சூடு மாதிரி ஒரு உணர்ச்சி, அவ்வளவுதான். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நம் நரம்பில் சூட்டை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் அதே வாங்கியை (ரிசெப்டர்) தட்டி எழுப்புகிறது. அந்த வாங்கி சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழித்துக்கொள்வது. அதைக் கண்டறிந்ததற்காக அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசே கிடைத்தது (ஆர்டெம் படாபூட்டியனோடு சேர்த்து). மூளை "ஐயோ சுடுகிறது" என்று நம்பி உடம்பைக் குளிர்விக்க ஆரம்பிக்கும். முகம் சிவக்கும், நெற்றி வேர்க்கும். வேர்வை எதற்கு? சூட்டை வெளியே தள்ளத்தான். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் சுகம். சாப்பிட்டுவிட்டு நேரே குளிர்காற்றில் போய் நின்றால், வேர்த்த முதுகு என்ன சொல்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

மிளகாய்வெடி

சரி, அப்படியானால் பார்லியிலும் மிளகாய் போடுகிறேன்.

விடியல்ஷிஃப்ட்

நான் மருத்துவமனையில் இரவுப் பணி. விடிகிற நேரத்தில் வீட்டுக்கு வரும்போதுதான் குளிர் உச்சத்தில் இருக்கும். கைவிரல் மடங்காது. அந்த நேரத்தில் வெங்காயம் சிவக்கும்வரை நிற்கச் சொன்னால் அழுதுவிடுவேன். எனக்கு ஓட்ஸ் கஞ்சி. இனிப்பு இல்லை, உப்புக் கஞ்சி. வேலைக்குக் கிளம்பும் முன்பே உடைத்த ஓட்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் அதை அப்படியே அடுப்பில் ஏற்றி, பால் கொஞ்சம், உப்பு, பொடித்த மிளகு. குழைந்து வரும்போது நடுவில் ஒரு குழி பண்ணி முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவேன். வெள்ளை இறுகி, மஞ்சள் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போது எடுத்தால் எனக்குப் பிடிக்கும்.

முட்டை வெறும் ருசிக்காக இல்லை. சாப்பாட்டைச் செரிக்கவே உடம்பு கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும், அதிலும் சூடு பிறக்கும். புரதம் என்றால் அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அந்த வேலைக்கே போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. கொழுப்புக்கு 3ஐத் தாண்டாது. முட்டை இல்லாமல் வெறும் கஞ்சி குடித்துப் படுத்த நாட்களில் போர்வைக்குள் கால் சூடாக வெகுநேரம் ஆகும் எனக்கு. எல்லோருக்கும் அப்படியா என்று தெரியாது. என்னோடு வேலை பார்க்கும் அக்கா பழம் போட்டு இனிப்பாகக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

பருப்புப்பைத்தியம்

சைவக்காரர்கள் சார்பில் நான். சிவப்பு ராஜ்மா, கேரட், தக்காளி போட்ட கெட்டி ஸ்டூ. இது எனக்கு அறிமுகமானது ஒரு அறைத்தோழன் மூலம். அவன் புதிதாக ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிவந்து, "ராத்திரி எல்லாவற்றையும் கொட்டி மூடிவிட்டால் காலையில் தயார்" என்று ராஜ்மா பொட்டலத்தைப் பிரித்தான். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை எங்களோடு இருந்த இன்னொருவன் படித்ததால் தப்பித்தோம்.

விஷயம் இதுதான். வேகாத சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அரைவேக்காடாக நாலைந்து கொட்டை உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். நன்றாகக் கொதிக்கவைத்தால் அது அழிந்துபோகும். ஸ்லோ குக்கர் பல நேரம் கொதிநிலைக்கே போகாது. 80 டிகிரி அளவில் மணிக்கணக்கில் கிடந்தால் நச்சுத்தன்மை குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். அதனால் குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அப்புறம் ஸ்லோ குக்கரோ எதுவோ உங்கள் இஷ்டம். பிரஷர் குக்கரில் வைப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது.

தக்காளியைக் கடைசியில் போடுங்கள். புளிப்பு சேர்ந்தால் கொட்டையின் தோலும் உள்சதையும் இளகாது, நாள் முழுக்க வேகவைத்தாலும் நடுவில் கெட்டியாகவே நிற்கும். தண்ணீர் கடினநீராக, சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தாலும் அதே கதை. ஆனால் ஊறவைக்கிற தண்ணீரில் சமையல் உப்பு போட்டால் தோல் மிருதுவாகும். "உப்புப் போட்டால் பயறு வேகாது" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். போட்டுப் பாருங்கள்.

வெந்ததும் ஒரு கரண்டி கொட்டையை எடுத்து மசித்து அதிலேயே கலந்துவிடுவேன். சட்டிமூடி சார் கேட்கிற கெட்டி அதிலேயே வந்துவிடும்.

குமிழிக்குக்கர்

பிரஷர் குக்கர் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். நாங்கள் இருப்பது நல்ல உயரமான மலையில். இங்கே குடிவந்த புதிதில், பருப்பு வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடையில் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே புகார். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொன்னார், "இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் சூடு பத்தாது" என்று. உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறையும், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் 1 டிகிரி இறங்கும். 2000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி பார்த்து ஏமாறக் கூடாது.

குக்கருக்குள் நிலைமை வேறு. அழுத்தம் ஏறினால் 120 டிகிரி பக்கம் போகும், கறிக்கரண்டி தம்பி சொன்ன மூன்று மணி நேர ஜவ்வு முக்கால் மணி நேரத்தில் இளகும். பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பபேன் 1679இல் செய்த முதல் அழுத்தப் பாத்திரமே எலும்பை இளக்கிச் சாறெடுக்கத்தான். அதற்கு அவர் வைத்த பெயரே செரிப்பான்! குளிருக்கான சமையலுக்கென்றே பிறந்த பாத்திரம் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒரே குறை, உள்ளே நீர் வற்றாது. சாறு நீர்த்துத்தான் இருக்கும். மூடியைத் திறந்தபின் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வற்றவையுங்கள். உப்பை அதற்குப் பிறகு போடுங்கள், முன்பே போட்டால் வற்றும்போது கரித்துவிடும்.

தும்மல்

யாரும் கோழி சூப்பைச் சொல்லவில்லையே? அப்பாவுக்குச் சளி பிடித்தால் நான் வைப்பது அது ஒன்றுதான். கோழி, கேரட், வெங்காயம், பூண்டு, மிளகு. அப்பா ஸ்பூனைத் தொடமாட்டார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்குக்கு நேரே வைத்து, முதலில் ஆவியைத்தான் குடிப்பார். கண்ணாடி முழுக்கப் பனிபடிந்து ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டால் சரி, வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. 1978இல் ஒரு ஆய்வில், வெந்நீரும் சூடான கோழி சூப்பும் மூக்குச் சளி நகரும் வேகத்தைக் கூட்டுவதையும், குளிர்ந்த நீர் குறைப்பதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். 2000இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஒரு குடும்பச் சமையல் குறிப்பின்படி சூப் வைத்து, அது வீக்கத்தைக் கூட்டும் சில வெள்ளையணுக்கள் ஓடி வந்து குவிவதை மட்டுப்படுத்துவதாகக் கண்டார்கள். இரண்டாவது ஆய்வுக்கூடக் குழாயில் நடந்தது, நோயாளிகளிடம் இல்லை. அதனால் சூப் சளியைக் குணமாக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா சாப்பிட ஒப்புக்கொள்ளும் ஒரே பொருள் அதுதான் என்பதே எனக்குப் போதும்.

உருளை

மசித்த உருளைக்கிழங்கு. அதன் மேல் எந்தக் குழம்பு ஊற்றினாலும் சரி. மாவு அதிகம் உள்ள பழைய கிழங்காக எடுங்கள், கையால் மசியுங்கள். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள்! மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டலாம். என் அண்ணன் வருடா வருடம் இந்தப் பசையைச் செய்து எங்களைச் சாப்பிடவைக்கிறான்.

அரைத்தூக்கம்

ஸ்டூ மறுநாள்தான் ருசி என்பது என் அனுபவம். உப்பும் மசாலாவும் உள்ளே இறங்கி, ஜெலட்டின் இறுகி, எல்லாம் ஒன்றோடொன்று பழகிவிடும். அதனால் ராத்திரி சமைத்து அடுப்பின் மேலேயே மூடி வைத்துவிடுவேன். குளிர்காலம்தானே, சமையலறையே குளிர்பெட்டி மாதிரிதான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது.

விடியல்ஷிஃப்ட்

அண்ணா, இதை மட்டும் செய்யாதீர்கள். மறுநாள் ருசி என்பது உண்மை. ஆனால் நமக்குக் குளிரும் அறை கிருமிக்குக் குளிராது. சமையலறை 15 டிகிரியில் இருந்தாலும் அதற்கு வசதிதான். அதோடு, சட்டிமூடி சார் முதலிலேயே சொன்னாரே, கெட்டியான சட்டி உள்ளுக்குள் சீக்கிரம் ஆறாது என்று. அதே குணம் இங்கே எதிரி. பெரிய சட்டியின் நடுப்பகுதி ராத்திரி முழுக்க வெதுவெதுவென்றே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் அவை பெருகுவது. சில கிருமிகளின் வித்து கொதியையும் தாங்கிக்கொண்டு கிடக்கும். சோற்றில் வரும் ஒரு வகை விடுகிற நச்சு, மறுநாள் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது.

சமைத்து முடித்ததும் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். அவசரமென்றால் சட்டியைப் பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்துக் கிளறுங்கள். மறுநாள் நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். வார்டில் இரவில் வரும் வயிற்றுக்காரர்களிடம் கேட்டால், பாதிப் பேர் கதை "நேற்று வைத்த" என்றுதான் ஆரம்பிக்கிறது.

அரைத்தூக்கம்

நேற்று வைத்தது இப்போது அடுப்பின் மேல் இருக்கிறதே, என்ன செய்வது?

விடியல்ஷிஃப்ட்

கொட்டுங்கள் அண்ணா.

கம்பளிச்சட்டி

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். கேஸ் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா ஆரம்பித்தது. சட்டி நிறையப் பருப்பும் காய்கறியும் போட்டு, நடுவெல்லாம் சூடேறும்படி கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி, தலையணைகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் வைத்துவிடுவார். அடுப்பில்லாமல் தன் சூட்டிலேயே வேகும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டனில் எரிபொருளை மிச்சம்பிடிக்க வைக்கோல் பெட்டியில் இப்படித்தான் செய்யச் சொன்னார்களாம். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது.

சட்டி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், அரைச்சட்டி சீக்கிரம் ஆறிவிடும். நடுவில் யாராவது ஆசைக்குத் திறந்து பார்த்தால் அவ்வளவுதான். வெளியே எடுத்ததும் அம்மா மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் பரிமாறுவார். விடியல்ஷிஃப்ட் சொன்ன கணக்குப்படி அதுதான் முறை, சட்டி வெதுவெதுப்புக்கு இறங்கும்வரை பெட்டியில் விடவும் கூடாது. ராஜ்மாவை மட்டும் இதில் பச்சையாக வைக்காதீர்கள், பருப்புப்பைத்தியம் சொன்னபடி முதலில் தனியாகக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் ராத்திரியில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க எங்களுக்குள் அடிதடி நடக்கும். நான்தான் கடைக்குட்டி, அழுதால் இடம் கிடைத்துவிடும்.

காளான்குடை

கறிக்கரண்டி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. நான் சைவம். உதடு ஒட்டுகிற அந்தக் கனம் காய்கறி சூப்பில் எப்படி வரும்? பார்லி பதம் கொடுக்கிறது, ஆனால் ருசி மெலிசாகவே நிற்கிறது.

கறிக்கரண்டி

உதடு ஒட்டுவது வராது, அதற்கு ஜெலட்டின் வேண்டும். ஆனால் ருசியின் கனத்துக்கு உங்கள் பெயரிலேயே வழி இருக்கிறது. உலர்ந்த காளானை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை அடியில் நிற்கும் மண் கலக்காமல் மேலாக வடித்து ஊற்றுங்கள். கூடவே ஒரு கரண்டி தக்காளி விழுதை எண்ணெயில் நிறம் மாறும்வரை வறுத்துச் சேருங்கள். இரண்டிலும் அந்தக் கனமான ருசியைக் கொடுக்கும் குளூட்டமேட் என்ற பொருள் இருக்கிறது. கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 'உமாமி' என்ற தனி ருசிக்குக் காரணம் இதுதான் என்று 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகெடா காட்டினார். மிசோவோ (புளிக்கவைத்த சோயா விழுது) சோயா சாஸோ கைவசம் இருந்தால் கடைசியில் கொஞ்சம். ஆனால் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், எலும்பில்லாத சூப்பை அவர் சூப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

காளான்குடை

செய்துவிட்டேன். தக்காளி விழுதை வறுத்தபோது வந்த வாசனைக்கே வீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிறைய வைத்துவிட்டேன். உருளைக்கிழங்கோடு உறையவைக்கலாமா?

உருளை

உறையவைக்கலாம், ஆனால் கிழங்கை எடுத்துவிட்டு. உறைந்து இளகினால் கிழங்கு தண்ணீர் விட்டு மணல்மணலாக ஆகிவிடும். சாற்றை மட்டும் சின்னச் சின்ன டப்பாக்களில், மேலே ஒரு விரல் இடம்விட்டு வையுங்கள், உறையும்போது விரியும். சூடாக்கும் அன்றைக்குப் புதிதாகக் கிழங்கை வேகவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த கிழங்கை மசித்து இன்றைக்கே சாப்பிட்டுவிடலாம், வெண்ணெய் கொஞ்சம் தாராளமாக.